340 கி.மீ. தாண்டி ஒரு நாற்காலி

சேலம், நாமக்கல் சமவெளியில் கூட்டம் என்றாலே வானத்துக்குக் கீழே கூடுகிற கூட்டம்தான். நாமக்கல்லில் 18 அடி உயர ஆஞ்சநேயரே கூரை இல்லாமல்தான் நிற்கிறார். அனுமன் ஜெயந்திக்கு அவருக்கு 1,00,008 வடை மாலை சாத்தும்போது, பார்க்க வருகிறவர்களும் மார்கழிப் பனியில்தான் வரிசையில் நிற்கிறார்கள். திருச்செங்கோட்டில் வைகாசித் தேர், சேலம் கோட்டை மாரியம்மனுக்கு ஆடித் திருவிழா, ஊருக்கு ஊர் மைதானத்தில் கபடி என்று எல்லாமே திறந்தவெளி. கால் வலித்தால் தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்காரலாம். பிடிக்கவில்லை என்றால் நாலு தெரு நடந்து வீட்டுக்கு வந்துவிடலாம்.

இப்போது வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் வேறு மாதிரி கூட்டத்தைப் பார்க்கிறார்கள். வட்டமாக அடுக்கடுக்காக எழும்பும் இருக்கைகள், நடுவில் ஒளி வெள்ளத்தில் ஒரு மேடை, ஆயிரக்கணக்கான செல்போன் விளக்குகள். ‘டிக்கெட் விற்பனை தொடங்கியது’ என்று விளம்பரம் வந்ததும் வீட்டில் பேச்சு ஆரம்பிக்கிறது.

“ஏனுங்க, அத்தன தூரம் போயி மூணு மணி நேரம் உக்காந்துட்டு வாறதுக்கா இத்தன செலவு?”

“புள்ள ஆசப்படுதுல்ல அம்மிணி. வருசத்துக்கு ஒருக்கா போயிட்டு வரலாம்.”

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சுற்றிலும் படிப்படியாக இருக்கை வைத்த பெரிய உள்ளரங்கம் இந்தச் சமவெளியில் இல்லை. சேலத்திலிருந்து பெங்களூரு கண்டீரவா உள்விளையாட்டு அரங்கத்துக்குச் சுமார் 200 கி.மீ. அங்கே ஏறக்குறைய 4,000 பேர் உட்காரலாம். கோவை கொடிசியா சுமார் 160 கி.மீ. ஆனால் அது கண்காட்சிக்காகக் கட்டிய சமதளக் கூடம். பின்வரிசை நாற்காலிக்காரருக்கு முன்வரிசைக்காரரின் தலைதான் முதலில் தெரியும். பெரிய நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் சென்னை பெரியமேட்டில் உள்ள நேரு உள்விளையாட்டு அரங்கம்தான். சேலத்திலிருந்து சுமார் 340 கி.மீ.

இவ்வளவு தூரம் போகிற குடும்பத்துக்கு டிக்கெட் பணம் செலவில் ஒரு பகுதிதான். மேடையில் யார் என்பதைப் பார்த்து டிக்கெட் வாங்குகிறோம். ஆனால் அந்த நாள் இனிப்பாக முடியுமா, கசப்பாக முடியுமா என்பதை வாசல், படிக்கட்டு, கழிப்பறை வரிசை, திரும்பும் ரயில் ஆகிய நான்கும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. விளம்பரத்தில் இந்த நான்கும் வருவதில்லை.

பெரியமேட்டுக் கூரைக்குக் கீழே

சென்னை சென்ட்ரலில் இறங்கி, ரிப்பன் மாளிகையைத் தாண்டினால் நேரு விளையாட்டரங்க வளாகம். திறந்தவெளி மைதானம் 1993-ல் கட்டப்பட்டது. அதே வளாகத்தில்தான் உள்ளரங்கமும் இருக்கிறது. சுமார் 8,000 பேர் உட்காரலாம்.

2022 ஜூலை 28 அன்று 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா இங்கேதான் நடந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 6-ல் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகத்தின் பாடல், டிரெய்லர் வெளியீட்டு விழா. டிசம்பரில் ‘வாரிசு’, அடுத்த ஆண்டு ஜூலையில் ‘ஜெயிலர்’ எனப் பெரிய படங்களின் இசை வெளியீடுகளும் இங்கேதான். புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் அணி சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் ஆடிய களமும் இதுவே.

ஒரே கட்டடம்தான். ஆனால் கபடி பார்க்கப் போகிறவரும் பாட்டு கேட்கப் போகிறவரும் கொண்டு வரும் அனுபவம் ஒன்றாக இருப்பதில்லை. அதற்கான காரணம் கூரையில் இருக்கிறது.

கபடிக்கு ஒரு காது, பாட்டுக்கு ஒரு காது

விளையாட்டுக்காகக் கட்டிய அரங்கத்தில் தரை கெட்டி, சுவர் கெட்டி, கூரை உயரம். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். எதிரே உள்ள சுவர் 17 மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தால், அதில் மோதித் திரும்பும் ஒலி தனி எதிரொலியாகக் காதில் விழும் என்பது பள்ளி அறிவியல் பாடம். பெரிய அரங்கத்தில் எதிர்ச் சுவர் பெரும்பாலும் 17 மீட்டருக்கு அப்பால்தான் இருக்கும். ஒரு வார்த்தை ஒலிபெருக்கியிலிருந்து நேராக ஒருமுறையும், கூரையிலும் சுவரிலும் மோதி இன்னும் சில முறையும் வந்து சேர்கிறது.

கபடிக்கு இது வரம். ரைடருக்கு 30 விநாடி. அவர் கோட்டைத் தொட்டுத் திரும்பும் நொடியில் எழும் கத்தல் கூரையில் மோதி இரண்டு மடங்காகக் கீழே இறங்குகிறது. தொலைக்காட்சியில் எத்தனை பெரிய திரை வைத்தாலும் இந்த உதறல் கிடைக்காது. ஆண்கள் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர்தான். மேல் வரிசையில் உட்கார்ந்தாலும் முழுக் களமும் ஒரே பார்வைக்குள் அடங்கும். யார் கணுக்காலைக் குறி வைக்கிறார், யார் மூலையில் காத்திருக்கிறார் என்பது மேலிருந்து பார்த்தால்தான் நன்றாகத் தெரியும். ஊர் மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகிய ஆட்டத்தை, ரப்பர் விரிப்பில் ஷூ போட்டு ஆடுவதைப் பார்ப்பது கிராமத்து ஆட்டக்காரருக்கு ஒரு பாடம். கபடிக்கு மலிவான டிக்கெட் நட்டமே இல்லை.

பாட்டுக்கு இதே கூரை சோதனை. மெல்லிய வயலின், வார்த்தை தெளிவாகக் கேட்க வேண்டிய சரணம் எல்லாம் எதிரொலியில் கரைந்துவிடும். தாளமும் அதிர்வும் மட்டும் நெஞ்சில் வந்து மோதும். ஒலிபெருக்கிகளைப் பல இடங்களில் தொங்கவிட்டு, தாமத நேரத்தைக் கணக்கிட்டு அமைத்தால் இந்தக் குறையை நிறையவே சரி செய்யலாம். நல்ல ஒலிப் பொறியாளர்கள் செய்கிறார்கள். அரங்கம் நிரம்பினாலும் ஒலி கொஞ்சம் தெளியும். மனித உடலும் உடையும் ஒலியை உறிஞ்சும்.

இசை நிகழ்ச்சிக்கு எந்த டிக்கெட் நல்லது? மேடைக்கு மிக அருகே பக்கவாட்டில் உட்கார்ந்தால் பெரும்பாலும் பாடகரின் முதுகும் ஒரு ஒலிபெருக்கியின் வாயும்தான் கிடைக்கும். அதே விலைக்கோ குறைந்த விலைக்கோ மேடைக்கு நேர் எதிரே, நடு உயரத்தில் ஓர் இடம் கிடைத்தால் அதை எடுக்கலாம். ஒலியைச் சரிசெய்யும் பொறியாளரும் அந்த நேர்க்கோட்டில்தான் உட்கார்ந்திருப்பார். அவர் கேட்பது உங்களுக்கும் கேட்கும்.

குழந்தைகளின் காதையும் மறக்க வேண்டாம். இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறை வெளியிட்டது. எல்லா இடத்திலும் அதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. மருந்துக் கடையில் கிடைக்கும் காதடைப்பான் ஒரு ஜோடி பையில் இருந்தால், நாலு வயசுக் குழந்தை அழாமல் பாட்டு கேட்கும்.

நாற்காலிக்கு முன்னால் ஒரு பகல்

சமவெளியிலிருந்து போகிறவர்களுக்கு நிகழ்ச்சி மாலை 6 மணிக்கு ஆரம்பிப்பதில்லை. முந்தைய இரவே ஆரம்பித்துவிடுகிறது. சேலத்தில் இரவு ஏறும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடிவதற்கு முன்பே சென்ட்ரலில் இறக்கிவிடும். அரங்கம் அங்கிருந்து நடக்கும் தூரம். ஆனால் வாசல் திறக்க இன்னும் 12 மணி நேரம் இருக்கிறது.

இந்தப் பகலை யோசிக்காமல் போகிறவர்கள்தான் அதிகம். உறவினர் வீடு இருந்தால் சரி. இல்லாவிட்டால் சென்ட்ரல் காத்திருப்பு அறையில் பையைக் காவல் காத்தபடி பகல் கழிகிறது. மாலையில் விளக்கு அணைந்து மேடை ஒளிரும்போது, பாட்டி தூங்கி வழிகிறார். பிள்ளை அப்பா மடியில் சுருண்டுவிடுகிறது. டிக்கெட் வாங்கித் தூங்கிய கதை ஊரில் பல வீடுகளில் உண்டு.

பெரியமேட்டிலும் சென்ட்ரலைச் சுற்றியும் விடுதிகள் இருக்கின்றன. அரை நாள் ஓர் அறை எடுத்தால் செலவுதான். ஆனால் குளித்து, சாப்பிட்டு, மதியம் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தவர்களுக்கு மாலை மூன்று மணி நேரமும் முழுதாகக் கிடைக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம். பிள்ளைகளுக்குக் காலை நேரம் அங்கே நன்றாகவே போகும். மெரினாவை மாலைக்கு வைத்துக்கொண்டு, பிறகு அரங்கத்துக்கு ஓடுவது மட்டும் வேண்டாம். சென்னைப் போக்குவரத்து யாருக்காகவும் நிற்காது.

வாசலில் கழற்றி வைப்பவை

கிராமத்துக் கைப்பை ஒரு சின்ன வீடு. தண்ணீர் பாட்டில், கட்டுச்சோறு, முறுக்கு, விசிறி, குடை, பவர் பேங்க், பேரனுக்கு மாற்றுத் துணி என்று எல்லாம் அதில் இருக்கும். பெரிய அரங்கத்து வாசலில் பாதுகாவலர் முதலில் தேடுவதும் இவற்றைத்தான். வெளி உணவும் தண்ணீர் பாட்டிலும் பெரும்பாலான நிகழ்ச்சிகளில் உள்ளே போக முடியாது. பவர் பேங்க், லைட்டர், ஹெல்மெட், பெரிய பை எல்லாமே நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும் தடைப் பட்டியலில் வரக்கூடியவை. வாசலுக்குப் பக்கத்தில் குவியும் பாட்டில்களுக்கு நடுவே புளிசாதப் பொட்டலத்தையும் வைத்துவிட்டுப் போகிற அம்மாவின் முகத்தை யாரும் படம் எடுத்துப் போடுவதில்லை.

தடைப் பட்டியல் டிக்கெட் வாங்கும் செயலியிலேயே ‘விதிமுறைகள்’ என்ற தலைப்பில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்க ஐந்து நிமிடம் போதும். குழந்தைக்குப் பால் புட்டி, சர்க்கரை நோயாளிக்கு மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றைப் பொதுவாக அனுமதிப்பார்கள். மருத்துவர் சீட்டும் கூடவே இருந்தால் பேச்சு வளராது. பெரிய பையை அறையிலோ ரயில் நிலையப் பாதுகாப்பு அறையிலோ வைத்துவிட்டு, கையடக்கப் பை ஒன்றோடு போவது நிம்மதி.

இன்னொன்று, கைபேசி. டிக்கெட் அதற்குள்தான் இருக்கிறது. பகல் முழுக்க ரீல்ஸ் பார்த்துவிட்டு வாசலுக்கு வரும்போது 4 சதவீத சார்ஜ் இருந்தால், 340 கி.மீ. பயணம் ஒரு கறுப்புத் திரைக்கு முன்னால் நின்றுவிடும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் கூடும்போது இணையமும் திணறும். டிக்கெட்டை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். நாலு டிக்கெட்டும் ஒரே போனில் இருந்தால், அந்த ஒருவர் வரும்வரை மற்ற மூவரும் வெளியே நிற்க வேண்டியதுதான். செயலியில் பகிரும் வசதி இருந்தால் இரண்டு போன்களில் பிரித்து வைக்கலாம்.

வரிசை நகராத இடம்

இடைவேளை வந்ததும் எந்த அரங்கத்திலும் ஒரு காட்சி மாறாது. ஆண்கள் கழிப்பறைக்குப் போய்த் திரும்பிவிடுவார்கள். பெண்கள் வரிசை நடைபாதையின் திருப்பம் வரை நிற்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு இடம் ஒதுக்கியிருந்தாலும் இதுதான் நிலை. சேலையும் சுடிதாரும் கட்டியவர்களுக்கு நேரம் கூடுதலாகத் தேவை. கையில் குழந்தையும் இருக்கும். ஆண்கள் பக்கம் அதே இடத்தில் அதிகம் பேர் பயன்படுத்தும் அமைப்பு இருக்கும். இடத்தைச் சமமாகப் பிரித்தாலும் காத்திருக்கும் நேரம் சமமாகாது. இதனால் பல பெண்கள் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் நிகழ்ச்சிக்கு வருகிறார்கள். சென்னை வெக்கையில் அது தலைவலியிலும் மயக்கத்திலும் முடியும்.

அரங்கம் கட்டுகிறவர்களும் நிகழ்ச்சி நடத்துகிறவர்களும் சரி செய்ய வேண்டிய குறை இது. அதுவரை இடைவேளைக்குக் காத்திருக்காமல், பிடிக்காத பாட்டு ஓடும்போது போய் வருவது ஒரு வழி.

படிக்கட்டும் அப்படித்தான். மேல் வரிசை இருக்கைகளுக்குப் படி செங்குத்து. விளக்கு அணைந்த பிறகு ஏறுவது முழங்கால் வலிக்காரர்களுக்குக் கஷ்டம். வயதானவர் கூட வந்தால், டிக்கெட் எடுக்கும்போதே கீழ் வரிசையாக, நடைபாதை ஓரமாகப் பார்ப்பது நல்லது. பொது இடங்கள் மாற்றுத்திறனாளிகள் வந்து போகும்படி இருக்க வேண்டும் என்பது 2016-ம் ஆண்டுச் சட்டம். சக்கர நாற்காலிக்கு எந்த வாசல், உடன் வருபவருக்கு இடம் உண்டா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டு வைத்தால் வாசலில் வாதாட வேண்டியதில்லை.

எண்ணிக்கைதான் பாதுகாப்பு

இந்தச் சமவெளியில் கூட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது ஒரு நடுக்கம் உண்டு. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நடந்த அரசியல் பிரசாரக் கூட்டத்தின் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அதில் பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அன்றைக்கு அதே பிரசாரம் கரூருக்கு முன்னால் நாமக்கல்லில்தான் நடந்தது. அங்கே நின்று பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்கள், இரவு செய்தியைக் கேட்டுப் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தார்கள்.

அதற்கு நான்கு மாதம் முன்னால், ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதான வாசலில் 11 பேர் இறந்தார்கள். சுமார் 35,000 பேர் கொள்ளும் மைதானத்தை நோக்கி லட்சக்கணக்கானவர்கள் வந்தார்கள். யாருக்கு அனுமதி, எந்த வாசல் என்பதில் தெளிவு இல்லை. உள்ளே கொண்டாட்டம் நடக்கும்போதே வெளியே உயிர் போனது.

கூட்டத்தைப் பற்றி ஆராய்கிறவர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில், அதாவது ஒரு சின்ன கோலம் போடும் இடத்தில், 5 பேருக்கு மேல் நின்றால் ஆபத்து தொடங்குகிறது. 6, 7 பேர் ஆகிவிட்டால் தனி மனிதருக்குத் தன் கால் மேல் அதிகாரம் இல்லை. கூட்டமே தண்ணீர் மாதிரி அலையடிக்கும். இப்படிப்பட்ட நெரிசலில் பெரும்பாலானவர்கள் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு விரிய இடமில்லாமல், மூச்சு விட முடியாமல் இறக்கிறார்கள். நின்ற நிலையிலேயே அது நடக்கும்.

இருக்கை எண் போட்ட உள்ளரங்கத்தின் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு நாற்காலி. 8,000 நாற்காலி என்றால் 8,000 பேர். ஏசி, திரை, விளக்கு எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அந்தக் கணக்கு உடைந்தால் அரங்கமும் சாலை மாதிரி ஆகிவிடும். 2023 செப்டம்பரில் இதே நேரு உள்ளரங்கத்தில் நடக்கவிருந்த ‘லியோ’ இசை வெளியீட்டு விழாவைத் தயாரிப்பு நிறுவனம் ரத்து செய்தது. பாஸ் கேட்டு வந்தவர்கள் அளவுக்கு மீறியதும் பாதுகாப்பும்தான் காரணம் என்று அறிவித்தார்கள். ரசிகர்களுக்கு வருத்தம்தான். ஆனால் நாற்காலியைவிடத் தலை அதிகமானால் விழாவை நிறுத்துவதுதான் பொறுப்பு.

அதே மாதம் 10-ம் தேதி, சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சி நடந்தது. அது திறந்தவெளி. டிக்கெட் கையில் வைத்திருந்த பலர் உள்ளேயே போக முடியவில்லை. நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தார்கள். நுழைய முடியாதவர்கள் டிக்கெட் நகலையும் குறைகளையும் அனுப்பும்படி ரஹ்மானே கேட்டுக்கொண்டார். பணம் திரும்பலாம். வெளியூரிலிருந்து வந்தவர்களின் இரவு திரும்பாது.

உள்ளரங்கத்துக்கு என்றே இன்னொரு ஆபத்தும் உண்டு. டெல்லி உப்கார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று தீப்பிடித்தபோது 59 பேர் இறந்தார்கள். பலர் தீயால் அல்ல, புகையில் மூச்சுத் திணறி இறந்தவர்கள். பால்கனியில் கூடுதல் நாற்காலி போட்டு ஒரு பக்க வழியை அடைத்திருந்தார்கள்.

ஆகவே உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை செல்ஃபி எடுப்பதல்ல. வெளியேறும் வழி எது என்று பார்ப்பது. வந்த வழி ஒன்று. வேறு எந்தக் கதவு பக்கத்தில் இருக்கிறது? அதன் முன்னால் நாற்காலியோ பெட்டியோ கிடக்கிறதா? கிடந்தால் ஊழியரிடம் சொல்லலாம். சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

வாசலிலோ வெளியேறும்போதோ இரண்டு தோளிலும் அடுத்தவர் தோள் அழுத்த ஆரம்பித்தால், அதுதான் விலக வேண்டிய நேரம். பாட்டு முக்கியமில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை எதிர்க்காமல், அலை ஓயும் நேரத்தில் குறுக்காக ஓரத்துக்கு நகர வேண்டும். இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வைத்துக்கொண்டால் மூச்சுக்கு இடம் கிடைக்கும். கீழே விழுந்த செருப்பையும் போனையும் எடுக்கக் குனியக் கூடாது.

கடைசி அரை மணி நேரம்

உள்ளூர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் உள்ள பெரிய வித்தியாசம் நிகழ்ச்சியின் கடைசி அரை மணி நேரத்தில்தான் தெரியும். எல்லோரும் எழுந்து நின்று ஆடும் பாட்டை எப்போதும் கடைசியில்தான் வைப்பார்கள். 6 மணி என்று போட்ட நிகழ்ச்சி பல நேரம் 7 மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். 10 மணி ஆகும்போது சேலத்துக்காரர் மேடையைப் பார்ப்பதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பதுதான் அதிகம்.

ரயில் என்றால் வசதி. சென்ட்ரல் நடக்கும் தூரம், ஏற்காடு எக்ஸ்பிரஸ் கிளம்புவது இரவு 11 மணி வாக்கில். டிக்கெட்டை முன்பதிவு செய்திருந்தால், கடைசிப் பாட்டுக்கு முந்திய பாட்டு வரையாவது நிம்மதியாகக் கேட்கலாம். நிகழ்ச்சி டிக்கெட்டும் ரயில் டிக்கெட்டும் ஒரே நாளில் எடுக்க வேண்டியவை. நிகழ்ச்சிக்கு இடம் கிடைத்து ரயிலுக்கு இடம் கிடைக்காத கதைகள்தான் அதிகம்.

பஸ் என்றால் கணக்கு மாறிவிட்டது. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தெற்கே போகும் பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. பெரியமேட்டிலிருந்து 30 கி.மீ.க்கு மேல். இரவு 10 மணிக்கு அரங்கம் காலியாகும்போது ஆட்டோவும் கால் டாக்சியும் விலையை ஏற்றியிருக்கும். மெட்ரோவும் புறநகர் ரயிலும் எத்தனை மணி வரை ஓடும் என்று முன்கூட்டியே பார்த்து வைப்பது அவசியம்.

வேனில் கூட்டமாகப் போகிறவர்கள் அதிகம் யோசிக்க வேண்டிய விஷயம் வேறு. டிரைவர். காலையில் நாமக்கல்லில் வண்டி எடுத்தவர், பகலெல்லாம் வாகன நிறுத்தத்தில் வெயிலில் உட்கார்ந்திருப்பார். இரவு 10 மணிக்கு எல்லோரும் பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே ஏறுவார்கள். உளுந்தூர்பேட்டை தாண்டும்போது வண்டியில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள், ஒருவர் மட்டும் தூங்கக் கூடாது. அதிகாலை இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே கண் தானாகச் சொக்கும். லாரிக்குப் பேர்போன நாமக்கல்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நேரத்தின் விலை தெரியாத தெரு அங்கே இல்லை. பகலில் டிரைவருக்கும் சேர்த்து ஓர் அறை, இல்லாவிட்டால் மாற்று டிரைவர் ஒருவர். இரண்டுக்கும் வழியில்லை என்றால், சென்னையிலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்ப வேண்டும். இந்தச் செலவு கட்டாது என்றால் அந்தப் பயணமே கட்டாது.

பட்டனைத் தட்டுவதற்கு முன்

தமிழர்கள் திரளும் வெளிநாட்டு அரங்குகளில் திரும்பும் வழியையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். சிங்கப்பூர் உள்விளையாட்டு அரங்கம் 1989-ல் கட்டி முடித்தது. சுமார் 12,000 பேர் கொள்ளும். இன்று அதன் பக்கத்திலேயே மெட்ரோ நிலையம் இருக்கிறது. கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்கும் அப்படியே. நேரு அரங்கத்துக்கும் சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பது பெரிய வரம். நிகழ்ச்சி சரியான நேரத்தில் ஆரம்பித்துச் சரியான நேரத்தில் முடிந்தால்தான் வெளியூர்க்காரருக்கு அந்த வரம் பலிக்கும். முடியும் நேரத்தையும் டிக்கெட்டில் அச்சிடுங்கள் என்று ரசிகர்கள் கேட்பதில் தவறே இல்லை.

அதுவரை, டிக்கெட் பட்டனைத் தட்டுவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை:

• இருக்கைக்கு எண் உண்டா? ‘முதலில் வருபவருக்கு முதலிடம்’ என்றால், குழந்தையும் முதியவரும் கூட வரும் குடும்பத்துக்கு அது ஒத்து வருமா?

• எந்த வாசல்? கதவு எத்தனை மணிக்குத் திறக்கும்? எத்தனை வயசுக் குழந்தைக்குத் தனி டிக்கெட்?

• பகல் முழுக்க எங்கே இருப்போம்? எங்கே குளிப்போம், எங்கே தூங்குவோம்?

• நிகழ்ச்சி ஒரு மணி நேரம் தாமதமானால் எந்த ரயில், எந்தப் பஸ்?

• வேன் என்றால் டிரைவர் எப்போது தூங்குவார்?

• ரத்தானால், தள்ளிப்போனால் டிக்கெட் பணம் எத்தனை நாளில் திரும்பும்? அறை வாடகையும் ரயில் டிக்கெட்டும் யார் கணக்கில்?

இந்த ஆறுக்கும் பதில் இருந்தால் தாராளமாகப் போய் வரலாம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நொடியில் மூச்சைப் பிடித்து, ஒரே நொடியில் கத்தும் அந்த அனுபவம் கைபேசித் திரையில் கிடைக்காது. வாழ்க்கையில் ஒருமுறையாவது பிள்ளைகளுக்கு அது கிடைக்கட்டும்.

கிளம்பும் அன்று காலையில் இன்னும் ஒரு வேலை உண்டு. ஒரு துண்டுக் காகிதத்தில் அப்பா, அம்மா இருவர் போன் எண்ணையும் ஊர்ப் பெயரையும் எழுதி, குழந்தையின் சட்டைப் பையில் வைத்து ஊக்கு போட்டு விடுங்கள். பிரிந்துவிட்டால் எல்லோரும் எந்த இடத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்பதையும் வாசலில் நுழையும்போதே பெரியவர்களிடமும் சொல்லி வையுங்கள். சிக்னல் இல்லாத நேரத்தில் அந்தத் துண்டுக் காகிதம்தான் பேசும்.